3,000 மணி நேரம் என்பது பாதிக் கணக்கு: கலிஃபோர்னியாவில் மனநல ஆலோசகர் உரிமத்துக்கான மேற்பார்வைப் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் மனநல ஆலோசனையில் முதுகலைப் பட்டம் முடித்தவர், பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே தனியாகப் பெயர்ப்பலகை மாட்டி அமர்ந்துவிட முடியாது. எல்பிசிசி எனப்படும் லைசென்ஸ்டு புரொஃபஷனல் கிளினிக்கல் கவுன்சலர் உரிமத்தைப் பெற, பட்டத்துக்குப் பிறகு 3,000 மணி நேரம் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றி, இரண்டு தேர்வுகளிலும் தேறியாக வேண்டும். இந்த நடைமுறை முழுவதையும் அம்மாநிலத்தின் போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ் என்ற வாரியம் நிர்வகிக்கிறது. 3,000 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பலரை ஓராண்டு, ஈராண்டு பின்னுக்கு இழுப்பது அந்த எண் அன்று. அதற்குள் மறைந்திருக்கும் வாரக் கணக்கும், வேலைக்குச் சேரும்போது கேட்காமல் விட்ட நான்கைந்து கேள்விகளும்தான். ஆகவே இக்கட்டுரை மொத்தக் கணக்கைவிட வாரக் கணக்கையே மையமாகக் கொள்கிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், முடிவெடுக்கும் முன் வாரியத்தின் இணையதளத்தில் உள்ள நடப்புக் கையேட்டை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. கலிஃபோர்னியா கேட்பது 60 செமஸ்டர் அலகுகள் கொண்ட முதுகலைப் பட்டம். அதற்குள் 280 மணி நேரம் நேரடி ஆலோசனை அடங்கிய களப்பயிற்சி இருக்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகத்தில் உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்துவிட்டு வருபவர்கள், அந்தப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியே ஒப்பிட்டு வாரியத்திடம் தர வேண்டும். பெரும்பாலும் பாடங்களிலும் களப்பயிற்சியிலும் பற்றாக்குறை தெரியவரும். அங்கே செய்த களப்பயிற்சி மணிகள் இங்கே 3,000 மணியில் சேராது. இங்கேயே படித்தவர்களுக்கும் இதே நிலைதான்: எல்பிசிசி உரிமத்துக்கு, படிக்கும் காலத்தில் செய்த மணிகள் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் ஏறாது. தம்பதியர், குடும்ப ஆலோசகர்களுக்கான எல்எம்எஃப்டி உரிமத்தில் மட்டும் பட்டத்துக்கு முந்தைய மணிகளில் 1,300 வரை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் பட்டம் இரண்டு உரிமங்களுக்கும் தகுதியுடையதாக இருந்தால் இரண்டிலும் பதிவு செய்துகொள்ளலாம். மேற்பார்வையாளர் இரண்டுக்கும் தகுதியானவராக இருந்தால், பட்டத்துக்குப் பின் செய்யும் ஒரே மணி நேரத்தை இரு கணக்கிலும் காட்டலாம். ஆனால் எல்எம்எஃப்டி கணக்கில் 500 மணி நேரம் தம்பதியர், குடும்பங்கள் அல்லது குழந்தைகளுடன் செய்ததாக இருக்க வேண்டும் என்பதால், பெரியவர்களை மட்டும் தனித்தனியே பார்க்கும் பணியிடம் அதற்கு உதவாது.

பட்டம் பெற்ற முதல் 90 நாள்கள்

பட்டம் பெற்றதும் ஏபிசிசி, அதாவது அசோசியேட் புரொஃபஷனல் கிளினிக்கல் கவுன்சலர் என்ற பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் வழங்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் விண்ணப்பம் வாரியத்தைச் சென்றடைந்தால், பதிவு எண் வருவதற்கு முன்பே செய்த பணியும் கணக்கில் சேரும். இங்கே குறிக்கப்படும் நாள், பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் பட்டம் வழங்கிய நாளாக அச்சிடப்பட்டிருப்பதுதான். மேடையேறித் தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொண்ட நாள் அன்று. இரண்டுக்கும் இடையே சில வாரங்கள் வேறுபாடு இருப்பது வழக்கம்.

இந்தச் சலுகைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நீங்கள் வேலை செய்யும் இடம், உங்கள் கைரேகைப் பதிவை (லைவ் ஸ்கேன்) நீங்கள் மணிகளைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அதற்கான தாளின் நகலை நீங்கள் வைத்திருக்க வேண்டும். இரண்டாவதாக, பதிவு எண் கையில் வரும்வரை தனியார் ஆலோசனை நிலையத்தில் பணியாற்றக் கூடாது. லாப நோக்கற்ற அமைப்புகள், பள்ளிகள், அரசு நிறுவனங்கள் போன்றவற்றில் சேர்பவர்களுக்கே இந்த இடைக்காலம் பயன்படும்.

ஆனால் உடனே விண்ணப்பிப்பது எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல மாட்டேன். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு பதிவு எண்ணின் ஆயுள் 6 ஆண்டுகள். நீங்கள் வேலை செய்தாலும், பிரசவத்துக்காக ஊருக்குச் சென்று ஓராண்டு தங்கினாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 6 ஆண்டுகளில் முடிக்காவிட்டால் இரண்டாவது எண் பெறலாம்; ஆனால் இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு தனியார் நிலையத்தில் பணியாற்ற முடியாது. பட்டம் முடித்தவுடன் நீண்ட இடைவெளி நிச்சயம் என்று தெரிந்தவர்கள், 90 நாள் சலுகையை விட்டுக்கொடுத்து, வேலையில் சேரும் காலத்தை ஒட்டிப் பதிவு செய்வதே சிக்கனம். இதோடு இன்னொரு ஆறாண்டு விதியும் உண்டு: உரிமத்துக்கான விண்ணப்பத்தை வாரியம் பெறும் நாளிலிருந்து பின்னோக்கி 6 ஆண்டுகளுக்கு முந்தைய மணிகள் கழிக்கப்பட்டுவிடும்.

மணிகள் எப்படிப் பிரிகின்றன

3,000 மணிகளில் குறைந்தது 1,750 மணிகள் தனிநபர், குழு, தம்பதியர் அல்லது குடும்பத்துக்கு நேரடியாக ஆலோசனை வழங்கியதாக இருக்க வேண்டும். மற்றவை, அதாவது மேற்பார்வைச் சந்திப்புகள், குறிப்பெழுதுதல், அறிக்கை தயாரித்தல், உளவியல் சோதனைகள் நடத்துதல், ஆலோசனை பெறுபவருக்காகப் பிற அமைப்புகளிடம் பேசுதல், மேற்பார்வையாளர் ஒப்புதல் தந்த பயிலரங்குகள் ஆகியவை எல்லாம் சேர்ந்து 1,250 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியான 7 நாள்களில் 40 மணிக்கு மேல் கணக்கில் ஏறாது. முழுப் பயிற்சியும் குறைந்தது 104 மேற்பார்வை வாரங்களில் பரவியிருக்க வேண்டும்.

இந்த எண்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் நிலைமை புரியும். 104 வாரங்களில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்குச் சராசரியாக 29 மணி வேலையும், அதற்குள் 17 மணி நேரடி ஆலோசனையும் தேவை. 29 மணி எளிது; 17தான் கடினம். எடுத்துக்காட்டாக, வாரம் 40 மணி வேலை தரும் ஓர் அமைப்பில் சேர்ந்தவருக்கு நேரடி ஆலோசனை 12 மணி மட்டுமே கிடைக்கிறது என்று கொள்வோம். 75 வாரங்களில் அவர் 3,000 மணி உழைத்துவிடுவார். ஆனால் அதில் நேரடி ஆலோசனை 900 மணிதான். எஞ்சிய 2,100 மணியில் 1,250 போக மீதி 850 மணிக்கு வாரியத்தின் கணக்கில் இடமில்லை. 1,750 மணி நேரடி ஆலோசனையை எட்ட அவருக்கு 146 வாரங்கள் ஆகும். விடுப்பையும் சேர்த்தால் 3 ஆண்டுகள். சம்பளம் சற்றுக் குறைவானாலும் 18 அல்லது 20 மணி நேரடி ஆலோசனை தரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர், உரிமம் பெற்றவருக்கான சம்பளத்தை ஓராண்டு முன்னதாகவே வாங்கத் தொடங்குவார்.

ஆலோசனைக்கு வருவதாகச் சொல்லி வராமல் போனவர்களின் நேரம் நேரடி ஆலோசனை ஆகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அட்டவணையில் 20 பேர் இருந்தால் 20 மணி கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. விடுமுறைக் காலத்தில், குறிப்பாகப் பள்ளிகளை நம்பியிருக்கும் அமைப்புகளில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எண்ணிக்கை சரியும். நேர்காணலில் “எத்தனை பேரை ஒதுக்குவீர்கள்?” என்று கேட்பதைவிட, “இங்கே பணியாற்றும் அசோசியேட்டுகள் கடந்த ஆண்டு வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரடி ஆலோசனையைப் பதிவேட்டில் எழுதினார்கள்?” என்று கேட்பது பயனுள்ளது.

மேற்பார்வைக் கணக்கு

பலர் தடுக்கி விழும் இடம் இது. மேற்பார்வையை அலகுகளாகக் கணக்கிடுகிறார்கள். தனியே ஒரு மணி நேரம், அல்லது ஒரு மேற்பார்வையாளரும் பயிற்சி பெறும் இருவரும் அமரும் மூவர் சந்திப்பில் ஒரு மணி நேரம், அல்லது 8 பேருக்கு மிகாத குழுவில் 2 மணி நேரம் என்பது ஓர் அலகு. மணிகளைச் சேர்க்கும் ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு பணியிடத்திலும், குறைந்தது ஓர் அலகு கிடைத்திருக்க வேண்டும். ஒரு பணியிடத்தில் அந்த வாரம் நேரடி ஆலோசனை 10 மணியைத் தாண்டினால் அங்கே இன்னும் ஓர் அலகு தேவை. 104 வாரங்களில் 52 வாரங்களிலாவது மேற்பார்வை தனிச் சந்திப்பாகவோ மூவர் சந்திப்பாகவோ இருக்க வேண்டும். குழுச் சந்திப்பை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சியை முடிக்க முடியாது.

இதன் விளைவு கடுமையானது. மேற்பார்வையாளர் ஒரு வாரம் விடுப்பில் போய், மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால், அந்த வாரம் நீங்கள் 20 பேருக்கு ஆலோசனை தந்திருந்தாலும் அந்த மணிகள் உங்கள் கணக்கில் ஏறாது. வாரத்துக்கு 17 மணி நேரடி ஆலோசனை தேவை என்று மேலே பார்த்தோம். அப்படியானால் நடைமுறையில் ஒவ்வொரு வாரமும் இரண்டு அலகுகள் வேண்டும். “வாரம் ஒரு மணி மேற்பார்வை தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் இடம், வாரத்துக்கு 10 மணி நேரடி ஆலோசனைக்கு மட்டுமே போதுமான மேற்பார்வையைத் தருகிறது என்று பொருள். அதேபோல் இரண்டு இடங்களில் இடத்துக்கு 5 மணி என்று பகுதிநேர வேலையைப் பிரித்துக்கொள்பவர், மொத்தம் 10 மணிக்கே இரண்டு இடத்திலும் தனித்தனியே ஓர் அலகு பெற வேண்டியிருக்கும். முடிந்தவரை ஒரே இடத்தில் இருப்பதே நல்லது.

மேற்பார்வையாளர் எல்பிசிசி ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்எம்எஃப்டி, எல்சிஎஸ்டபிள்யூ (மனநலத் துறையில் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்), உரிமம் பெற்ற உளவியலாளர், வாரியச் சான்று பெற்ற மனநல மருத்துவர் ஆகியோரும் செய்யலாம். அவர் கடந்த 5 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டுகள் உரிமத்தோடு இருந்திருக்க வேண்டும். உளவியலாளரும் மனநல மருத்துவரும் அல்லாதவர் என்றால் மேற்பார்வைக்கான 15 மணிப் பயிற்சியையும் பெற்றிருக்க வேண்டும். உங்கள் உறவினராகவோ, உங்களுக்கு முன்பு ஆலோசனை வழங்கியவராகவோ இருக்கக் கூடாது. அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதை மாநிலத்தின் உரிமத் தேடல் பக்கத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், அவருடைய உரிமம் காலாவதியாகும் நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் புதுப்பிக்க மறந்தால் இழப்பு உங்களுக்கு.

தமிழில் ஆலோசனை வழங்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஃப்ரீமாண்ட், சன்னிவேல் போன்ற ஊர்களில் தாய்மொழியில் பேச ஆள் கிடைக்காதா என்று தேடும் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழில் செய்த மணி நேரத்துக்கும் ஆங்கிலத்தில் செய்த மணி நேரத்துக்கும் வாரியத்தின் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் உங்கள் பணியின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்புடையவர். அதற்காக, ஆலோசனை பெறுபவரின் எழுத்து வழி ஒப்புதலோடு ஒலி, ஒளிப் பதிவுகளைக் கேட்பதும் நேரில் உடனிருந்து கவனிப்பதும் வழக்கம். தமிழ் தெரியாத மேற்பார்வையாளரிடம், சந்திப்பின் முக்கியப் பகுதிகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது எப்படி என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மாமியார் பற்றிய ஒரு வரிப் பேச்சில் அடங்கியிருப்பதை அரைப்பக்கம் எழுதி விளக்க வேண்டிவரும். அந்தப் பயிற்சி வீண் போகாது.

யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள்

அசோசியேட் ஒருவர் ஊழியராகவோ தன்னார்வலராகவோ மட்டுமே பணியாற்றலாம். சுயேச்சை ஒப்பந்தக்காரராக இருக்க முடியாது. அமெரிக்க வரி நடைமுறையில் சொன்னால், சம்பளம் வாங்கினால் ஆண்டு இறுதியில் உங்களுக்கு ஊழியர்களுக்கான டபிள்யூ-2 படிவம் வர வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கான 1099 படிவம் வரக் கூடாது. சில சிறு நிலையங்கள் நிர்வாக வசதிக்காக 1099 முறையில் எடுத்துக்கொள்ள முன்வரும். மணிக்குக் கூடுதல் தொகையும் காட்டும். அதை ஏற்றுக்கொண்டால் அங்கே செய்த மணிகள் நிராகரிக்கப்படும். ஆலோசனை பெறுபவர்களிடமிருந்து நேரடியாகப் பணம் பெறுவது, நிலையத்தில் பங்குதாரராக இருப்பது, நீங்களே அறையை வாடகைக்கு எடுப்பது ஆகியவையும் விலக்கப்பட்டவை. ஆலோசனையைத் தொடங்கும் முன், நீங்கள் இன்னும் உரிமம் பெறாதவர் என்பதையும் யாருடைய மேற்பார்வையில் பணியாற்றுகிறீர்கள் என்பதையும் ஆலோசனை பெறுபவரிடம் தெரிவித்தாக வேண்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கலானது. எஃப்-1 விசா மாணவர்களுக்குப் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதங்கள். மனநல ஆலோசனைப் பட்டங்களில் பெரும்பாலானவை, பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்புக்குள் வருவதில்லை. 104 வாரத் தேவையை 12 மாதத்துக்குள் அடக்க எந்த வழியும் இல்லை. ஆகவே மீதிக் காலத்துக்கு யார் விசா தருவார்கள் என்ற கேள்வியைப் படிப்பில் சேரும் முன்பே கேட்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை விசாக்கள்தான் என்ற வரம்புக்கு உட்படாமல் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கக்கூடிய, பல்கலைக்கழகங்களோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்புகளைத் தேடுவது ஒரு வழி. ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாள்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது என்பதால், பதிவு எண் வரத் தாமதமாகும் வாரங்களையும் கணக்கிட்டே தொடக்க நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்-1பி ஊழியரின் துணைவராக எச்-4 விசாவில் இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் வேலை செய்ய இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை தேவை. அது பொதுவாகத் துணைவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகே கிடைக்கும். நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெற்று வந்தவர்களின் துணைவர்களாக எல்-2 விசாவில் உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் முதல் தனி அட்டை இல்லாமலேயே வேலை உரிமை உண்டு. அனுமதி இல்லாத நிலையில் “சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகச் செய்கிறேனே” என்று தொடங்குவது ஆபத்தானது. வழக்கமாகச் சம்பளம் தரப்படும் பணியைச் சம்பளமின்றிச் செய்வதையும் குடிவரவுத் துறை வேலையாகக் கருதக்கூடும். வாரியம் அந்த மணிகளை ஏற்கும் என்பது குடிவரவுச் சட்டத்தில் உங்களைக் காப்பாற்றாது. இதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

தாள்கள்

மேற்பார்வை தொடங்கிய 60 நாள்களுக்குள் நீங்களும் மேற்பார்வையாளரும் மேற்பார்வை ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளர் உங்கள் நிறுவனத்தின் ஊழியராக இல்லாவிட்டால், அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே தனியாக ஓர் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாரப் பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் மணிகளை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதை வாரியத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் கேட்டால் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் மாறும்போதோ பணியிடம் மாறும்போதோ அனுபவச் சான்றுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவது மிக முக்கியம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். வேலையை விட்டு விலகும் கடைசி வாரத்தில், விடைபெறும் கேக்கை வெட்டும் முன் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். ஆண்டுதோறும் வரும் டபிள்யூ-2 படிவங்களையும், தன்னார்வப் பணிக்கு நிறுவனத்தின் கடிதத்தையும் இதே கோப்பில் சேர்த்து வையுங்கள். நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கும் பதிவேடு உங்களுடையது அன்று. வேலையை விட்டதும் கடவுச்சொல் செயலிழக்கும்.

தேர்வுகளும் விண்ணப்பமும்

முதல் தேர்வு கலிஃபோர்னியாவின் சட்டம், நெறிமுறைத் தேர்வு. அசோசியேட்டாக இருக்கும் ஒவ்வோர் ஆண்டும், தேறும்வரை, ஒருமுறையாவது எழுதினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். தேறாமல் இரண்டாவது பதிவு எண்ணும் கிடைக்காது. ஒவ்வொரு புதுப்பிப்புக் காலத்திலும் சட்டம், நெறிமுறை குறித்த 3 மணிநேரத் தொடர்கல்வியும் கட்டாயம். பாடம் மறக்கும் முன், முதல் ஆறு மாதங்களுக்குள் இந்தத் தேர்வை முடித்துவிடுவது உத்தமம்.

3,000 மணிகளும் முடிந்த பிறகு உரிமத்துக்கு விண்ணப்பித்து, வாரியம் மணிகளை ஏற்ற பின்னரே என்சிஎம்எச்சிஇ என்ற இரண்டாவது தேர்வை எழுத முடியும். இது ஆலோசனை பெறுபவர்களின் கதைகளை முன்வைத்து, மதிப்பீடு, நோயறிதல், சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றில் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் தேர்வு. இப்போதைய வடிவில் 11 கதைகள் வருகின்றன. மேற்பார்வையில் வாரந்தோறும் தம் முடிவுகளுக்குக் காரணம் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குறிப்புகளை மனப்பாடம் செய்தவர்கள் திணறுவார்கள். தகுதி அறிவிப்பு வந்த ஓராண்டுக்குள் தேர்வு எழுதாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

மணிகள் முடிந்த நாளுக்கும் உரிம எண் வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடலாம். அந்த இடைவெளியில் நீங்கள் இன்னும் அசோசியேட்தான்: பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும் வாரம் ஓர் அலகு மேற்பார்வை தொடர வேண்டும். மணிகள் முடிந்துவிட்டன என்று மேற்பார்வையை நிறுத்திவிட்டு ஆலோசனையைத் தொடர்வது சட்டவிரோதம். ஆகவே மேற்பார்வையாளரிடம் பேசும்போதே, 3,000-வது மணி வரைக்கும் அல்ல, உரிம எண் வரும் நாள் வரைக்கும் உடனிருக்க அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.